எல்லா பிட்ஜெரால்டு அம்மையார்

ஆடுதற்கென்று அரங்கேறிய சிறுமியொருத்தி, அச்சத்தால் ஆடுதலை விடுத்துப் பாடத் தொடங்கினாள். 1934-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், புதன்கிழமை இரவு, நியூயார்க்கு மாநகரில் இது நிகழ்ந்தது. அமெரிக்க நாட்டு இசை வரலாற்றில் நிலைத்த இடம்பெற்ற ஒரு வாழ்க்கை இச்சிறு நிகழ்ச்சியினின்றே தொடங்குகின்றது. அச்சிறுமியின் பெயர் எல்லா பிட்ஜெரால்டு. தமிழ் கற்போர்க்கு இப்பெயர் சிறிது மயக்கந் தரும். 'எல்லா' என்பது நமக்கு முழுமையைச் சுட்டுஞ் சொல்; பண்டைத் தமிழிலோ தோழமை பற்றி அழைக்கும் விளியாகவும் அது வழங்கிற்று. அவர் பிறந்த நாட்டில் அது மகளிர்க்கு இடும் பெயர்களுள் ஒன்று, அவ்வளவே.

அவர் 1917-ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 25-ஆம் நாள், வர்ஜீனியா மாகாணத்து நியூபோர்ட் நியூஸ் என்னுந் துறைமுக நகரிற் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். குழவிப் பருவத்திலேயே தந்தை பிரிந்தனர். அன்னை டெம்பரன்ஸ் தம் மகளுடன் நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் என்னும் ஊரிற் குடியேறி, உடலுழைத்துப் பிழைத்தார். அச்சிறுமிக்கு ஆட்டத்திலேயே பெருவேட்கை; தெருவிலும் பள்ளி முற்றத்திலும் தோழரோடு ஆடுவாள். பாட்டைப் பற்றி அவள் பெரிதும் எண்ணியதில்லை. ஆயினும் அன்னை வாங்கி வந்த இசைத்தட்டுக்களுள் கானி பாஸ்வெல் என்னும் வெள்ளை நங்கையின் பாட்டு அவள் செவியில் நன்கு பதிந்திருந்தது. அம்முதல் நிற்க.

1932-ஆம் ஆண்டில் அன்னையார் இறந்தார். ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த சிறிய தாயார் அவளைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். பள்ளிப் படிப்பு நின்றது. சூதாட்டச் சீட்டுக்களைச் சுமந்து கொடுத்தும், இழிதொழில் நிகழும் இல்லமொன்றின் வாயிலில் நின்று காவலர் வரவை அறிவித்தும் சில காசு ஈட்டினாள். அரசினர் அவளைப் பிடித்து முதலில் அனாதை இல்லத்திலும், பின்னர் ஹட்சன் நகரத்துப் பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலும் வைத்தனர். சீர்திருத்தம் என்பது பெயரளவிலேயே இருந்தது போலும். அங்கிருந்த கறுப்பினச் சிறுமியர் நெருக்கடி மிக்க தனிக் குடில்களில் அடைக்கப்பட்டு அடியுண்டனர் என்றும், பள்ளியின் பாடகர் குழுவில் அவர்கட்கு இடமில்லை என்றும் பின்னாளில் வெளியாயிற்று. நானிலம் போற்றவிருந்த குரலொன்று தம் சுவர்களுக்குள்ளே இருந்ததை அப்பள்ளியார் அறிந்திலர். அவள் அங்கிருந்து தப்பி ஓடி ஹார்லெம் தெருக்களில் உறைவிடமின்றித் திரிந்தாள். அப்போது வயது 17.

அவ்வாண்டுதான் 125-ஆம் தெருவிலிருந்த அப்பாலோ என்னும் நாடகவரங்கு கறுப்பின மக்களுக்குரிய அரங்காகத் திறக்கப்பட்டிருந்தது. புதன்கிழமை தோறும் பயிற்சியில்லாப் புதியோர்க்கு அங்கே போட்டி நடைபெறும். அவையோர் இரக்கமற்றவர், பிடித்திலதேல் கூச்சலிட்டு மேடையினின்று ஓட்டி விடுவர். எல்லா தன் பெயரை ஆட்டத்திற்கே பதிந்திருந்தாள். அவளுக்கு முன்னே மேடையேறியவர் எட்வர்ட்ஸ் சகோதரிகள் எனப்பட்ட தேர்ந்த ஆட்டக்காரியர். பளபளக்கும் ஆடையும் மின்னல் போன்ற அடிகளுங்கொண்டு அவர்கள் அவையைக் கவர்ந்து சென்றனர். பிறர் கழித்த கந்தலும் ஆடவர் காலணியும் அணிந்து பக்கத்தே நின்ற இப்பெண்ணுக்குக் கால்கள் நடுங்கின. இனி ஆடுவது எங்ஙனம்! மேடைக்கு வந்துவிட்டமையால் ஏதேனும் செய்தாக வேண்டும், பாடுவதெனத் துணிந்தாள். தொடக்கத்திற் குரல் தடுமாற, அவையிற் சிரிப்பெழுந்தது என்பர். மீண்டுந் தொடங்கி, கானி பாஸ்வெல் பாடும் முறையைப் பின்பற்றிப் பாடவே, அவை அடங்கிற்று. பின்பு மறுபாட்டு வேண்டி ஆர்த்தது. முதற் பரிசு 25 டாலர் அவளுக்குக் கிடைத்தது. வென்றவர்க்கு அவ்வரங்கில் ஒரு வாரம் பாடும் வாய்ப்பும் உரியது. அஃது அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. அழுக்கடைந்த தோற்றமே காரணம் என்று கூறுவர்.

செவி ஒப்பியதைக் கண் மறுத்த இக்கொடுமை அன்றோடு ஒழிந்ததன்று. பென்னி கார்ட்டர் என்னும் இசைவாணர் அவளைப் புகழ்பெற்ற குழுத் தலைவர் ஒருவரிடம் பரிந்துரைத்தார், அவர் பொருட்படுத்திலர். 1935-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹார்லெம் ஆப்பெரா ஹவுஸ் என்னும் அரங்கில் மற்றொரு போட்டியில் வென்று, ஒரு வாரம் பாடினாள். அதன்பின் சிக் வெப்பு என்பாரிடம் அவளை அழைத்துச் சென்றனர். வெப்பு, சவாய் என்னும் பெரிய ஆட்டக்கூடத்தின் முழவு வேந்தர். இளமையில் முதுகெலும்பைப் பற்றிய காசநோயால் கூனுற்றுக் குறுகிய மேனியினர். நோவைப் பொறுத்துக்கொண்டே முழக்குபவர். அவரும் இப்பெண்ணின் கோலத்தைக் கண்டு முகஞ் சுளித்தார் என்பதை எண்ணுந்தோறும் வியப்பும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. குழுவினர் வற்புறுத்தவே, யேல் பல்கலைக்கழகத்து ஆட்ட விருந்தில் ஒருமுறை பாடவிட்டுப் பார்ப்பதென இசைந்தார். மாணாக்கர் விரும்பிக் கேட்டனர். அன்று முதல் அவர் வெப்பின் குழுவினர் ஆயினார். வெப்பு அவரைச் சட்டப்படி மகளாக ஏற்றார் என்று பலரும் எழுதியுள்ளனர், அதற்குச் சான்றில்லை. ஆயினும் மேடையில் நிற்கவும், தாளத்தின் மேல் குரலை ஏற்றிச் செலுத்தவும் அவர் கற்றது வெப்பின் முழவருகே தான்.

1938-ஆம் ஆண்டிற் குழந்தைகள் விளையாட்டுப் பாட்டொன்றைப் புதுக்க வேண்டுமென்று குழுவின் இசையமைப்பாளர் ஆல் பெல்ட்மன் என்பாரை அம்மையார் விடாது நச்சரித்தார். 'எ டிஸ்கட் எ டாஸ்கட்' என்னும் அப்பாட்டு இசைத்தட்டாக வெளிவந்து நாடெங்கும் பரவியது. காணாமற் போன சிறு கூடையைப் பற்றிய எளிய பாட்டே அது. 21 வயதிற் பெரும்புகழ் வந்தெய்தியது. அடுத்த ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் வெப்பு இறந்தார். குழுவைக் கலைக்க மனமின்றி அம்மையார் பெயரிலேயே நடத்தினர். போர்க்காலத்தில் அது நிலைபெறவில்லை. 1942-இற் குழு கலைந்தது. அம்மையார் தனித்துப் பாடலானார்.

தனி வாழ்க்கை உடனே தழைத்ததெனல் இயலாது. இசைத்தட்டு நிறுவனத்தார் கொடுத்த பாட்டுக்களுட் பல அவர் குரலுக்குத் தகுதியற்றன என்பது எம் கருத்து. அவரை உயர்த்தியது அவர் தாமே பயின்ற ஒரு கலை. டிஸ்ஸி கில்லெஸ்பி முதலிய இளைஞர்தம் ஊதுகொம்பு இசையைக் கேட்டு, பொருளற்ற அசைகளால் அக்கொம்பொலி போன்றே விரைந்து பாடக் கற்றார். நம் நாட்டு ஆலாபனையையும் கற்பனை ஸ்வரத்தையும் ஒருவாறு இதனோடு ஒப்பிடலாம். விரைவும் விளையாட்டும் இதில் மிகுதி. 1960-ஆம் ஆண்டு பெர்லின் நகரிற் பாடுகையில் நடுவே பாட்டின் சொற்கள் மறந்துவிட, அஞ்சாது அப்போதே புதுச் சொற்களைப் புனைந்து பாடி முடித்தார். அப்பதிவுக்கு விருதும் கிடைத்தது. 1934-இல் நடுங்கியவர் இவர் தாமோ என்று ஐயுறத் தோன்றும்.

நார்மன் கிரான்ஸ் என்பவர் அவர்தம் தொழிலை மேற்கொண்டபின் ஏற்றம் மிகுந்தது. கறுப்பரும் வெள்ளையரும் கலந்திருந்து கேட்டல் வேண்டும் என்பது கிரான்ஸின் உறுதி. 1955-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரில் அவ்வாறு நடத்திய இரவில், சூதாட்டம் என்று சாட்டிக் காவலர் பின்னறையுட் புகுந்தனர். அங்கே சிற்றுண்டி அருந்திக் கொண்டிருந்த அம்மையாரையும் சிறைப்படுத்திக் கொண்டு போயினர்; நிலையத்திற் சேர்ந்ததும் அவரிடமே கையொப்பம் வேண்டினராம்! அவ்வாண்டிலேயே ஹாலிவுட்டின் மொக்காம்போ என்னும் இரவு விடுதியில் அவர் பாட, நடிகை மரிலின் மன்றோ உதவினார். அங்கு முதன்முதற் பாடிய கறுப்பினத்தவர் அம்மையாரே என்று சொல்லப்படுவது பிழை. எர்த்தா கிட் போன்றோர் முன்னரே பாடியுள்ளனர். விடுதியார் தயங்கியது அவர்பால் கவர்ச்சி போதாதென்று கருதியே என்பர். மீண்டும் கண்ணின் தீர்ப்பே!

1956-ஆம் ஆண்டில் கிரான்ஸ் வெர்வு என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். கோல் போர்ட்டர் இயற்றிய பாட்டுக்களை அம்மையார் அதிற் பாடினார். 1964 வரை எண் தொகுதிகள் இவ்வகையில் வெளிவந்து, அமெரிக்கப் பாட்டாசிரியரை உலகறியச் செய்தன. விருதுகள் பல வந்தன. கிராமி விருதுகள் மட்டும் 13. இருமுறை மணந்தார், இரண்டும் நிலைக்கவில்லை. ஆண்டின் பெரும்பகுதி பயணத்திலேயே கழிந்தது.

முதுமையில் நீரிழிவு நோய் கண்ணொளியைக் குறைத்தது. 1993-இல் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே அகற்ற வேண்டியதாயிற்று. ஆடவேண்டுமென்று மேடையேறிய கால்கள் அவை. 1996-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், 79-ஆம் வயதில், பெவர்லி ஹில்ஸ் இல்லத்தில் உயிர் நீத்தார். தம் இளமைத் துயரைப் பற்றி அவர் வெளிப்படப் பேசியதில்லை. ஹட்சன் பள்ளியின் பிற்காலத் தலைவர் ஒருவர், அங்குள்ள சிறுமியரைக் காண வருமாறு அழைத்தும் அவர் சென்றிலர். அவர் இறந்த அதே திங்களில் நியூயார்க்கு நாளிதழ் ஒன்று அப்பள்ளியைப் பற்றி விரிவாக எழுதிய பின்னரே, அவர் அங்கு அடைபட்டிருந்ததைப் பலரும் அறிந்தனர்.