முகங்களுக்குத் தெளிவு தந்த கணிதப் பேராசிரியர்

பயன் பெறுவோர் பலராகவும், அப்பயனை ஆக்கித் தந்தவரை அறிவோர் மிகச் சிலராகவும் இருப்பது உலகியல்பு. புகைப்படக் கலையின் வரலாற்றில் இதற்குச் சான்றாக விளங்குபவர் யோசேப் பெட்ஸ்வால் என்னும் கணித மேதை. மனித முகத்தை விரைவாகவும் தெளிவாகவும் படம் பிடிக்கும் லென்ஸை உலகுக்கு முதன்முதல் வகுத்தளித்த அவரது வாழ்க்கையை, நம் சங்கத்தின் இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகிறோம்.

பெட்ஸ்வால் 1807-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6-ஆம் நாள், அன்றைய ஹங்கேரி நாட்டின் வடபகுதியிலிருந்த ஸ்பிஷ்ஸ்கா பெலா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஸ்லோவாக்கியா நாட்டில் உள்ளது. தந்தையார் பள்ளி ஆசிரியர். இளமையில் கணிதத்தில் பின்தங்கிய இம்மைந்தனைச் செருப்புத் தைக்கும் தொழிலில் ஈடுபடுத்தவே பெற்றோர் எண்ணினர் என்றும், ஒரு விடுமுறையில் கணித நூலொன்றைத் தாமே பயின்று அவர் அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார் என்றும் கூறுவர். பெஸ்ட் நகரில் பயின்று 1828-இல் பொறியாளரான அவர், வெள்ளத் தடுப்புப் பணிகளில் சில ஆண்டுகள் உழைத்தார். 1837-இல் வியன்னாப் பல்கலைக் கழகத்தின் கணிதப் பேராசிரியரானார்.

இரண்டாண்டுகள் கழிந்தன. 1839-இல் பாரிஸ் நகரில் டகேர் என்பார் கண்ட புகைப்பட முறை உலகறிய வெளியிடப்பட்டது. வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டில் ஒளியே ஓவியந் தீட்டும் விந்தை அது. ஆயினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. அக்கால லென்ஸின் வாய் மிகக் குறுகியது. உட்புகும் ஒளியோ சிறிது. கட்டடங்கள் பல நிமிடங்கள் அசையாதிருக்கும், மனிதரால் இயலுமா? வெயிலில் கண் கூச அமர்ந்தவர் சிறிது அசைந்தாலும் முகம் கலைந்து போகும். வாயை அகலப்படுத்தினாலோ, ஓரங்களின் வழியே வரும் கதிர்கள் ஓரிடத்தில் கூடாமற் சிதறி, உருவம் மங்கிவிடும். விரைவு வேண்டின் தெளிவில்லை. தெளிவு வேண்டின் விரைவில்லை.

பாரிஸிலிருந்து திரும்பிய எட்டிங்ஸ்ஹௌசன் என்னும் பேராசிரியர் இச்சிக்கலைத் தம் நண்பர் பெட்ஸ்வாலிடம் எடுத்துரைத்தார். கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்தும் திருத்தியும் லென்ஸ் செய்வதே அந்நாளைய வழக்கம். பெட்ஸ்வாலோ கண்ணாடியைத் தொடுமுன் காகிதத்தை எடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் ஒளிக்கதிர் எவ்வாறு திரும்பும் என்பதைக் கணக்கிட்டார். ஒருவரால் முடியாத அளவு பெருகிய அக்கணக்குகளுக்குத் துணையாக, ஆஸ்திரிய அரச குடும்பத்து இளவரசர் லுட்விக் பீரங்கிப் படை வீரர் சிலரை அனுப்பி உதவினார். குண்டு செல்லும் வழியைக் கணித்துப் பழகிய அவ்வீரர்கள், ஒளி செல்லும் வழியைக் கணிக்க அமர்ந்தனர். போர்த்தொழில் கற்றவர் அமைதிக் கலைக்குத் துணை நின்ற அரிய நிகழ்ச்சி இது.

1840-இல் லென்ஸ் உருப்பெற்றது. முன்புறம் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு கண்ணாடிகள். பின்புறம் சிறு இடைவெளி விட்டு அமைந்த இரண்டு கண்ணாடிகள். குவியத் தூரம் ஏறத்தாழ 150 மில்லிமீட்டர். முன்னைய லென்ஸைவிட 15 மடங்குக்கும் மிகுதியான ஒளியை அது உட்கொண்டது. தகட்டைப் பதப்படுத்தும் முறைகளும் திருந்தவே, நிமிடக் கணக்கு விநாடிக் கணக்காகச் சுருங்கியது.

இந்த லென்ஸ் படத்தின் நடுப்பகுதியை மிகத் தெளிவாகக் காட்டும். ஓரங்களையோ குழைந்து சுழல்வதுபோற் காட்டும். லென்ஸ் ஆக்கும் உருவம் தட்டையாக விழாமல் கிண்ணம்போல் வளைந்து விழுவது இதற்கொரு காரணம். அவ்வளைவைக் கணிக்கும் விதி இன்றும் பெட்ஸ்வால் பெயராலேயே வழங்குகிறது. முகம் நடுவில் அமைவதாதலால், குறையும் குணமாயிற்று. ஆயினும் இதைக் கையாளத் திறமை வேண்டும். கூர்மை நிலைக்கும் ஆழம் மிகக் குறைவாதலின், கண் தெளிந்தால் காது மங்கும். ஆகவே தேர்ந்த படக்காரர் கறுப்புத் துணிக்குள் நின்று, தேய்த்த கண்ணாடியில் உருவத்தைப் பார்த்து, விழியின் மீதே குவியம் அமைப்பார். அமர்ந்தவர் தலை அசையாதபடி பின்னால் இரும்புத் தாங்கி நிறுத்துவார். தகட்டில் மிகுதியாக வேலை செய்வது நீல ஒளி. அது குவியுமிடம் கண்ணுக்குத் தெரியும் குவியத்திலிருந்து விலகி நின்ற லென்ஸுகளும் உண்டு. அவ்வேறுபாட்டை அறிந்து தகட்டைச் சிறிது நகர்த்தி வைத்தவருக்கே கூரிய படம் வாய்த்தது.

இத்துணைப் பெரும் ஆக்கத்திற்குப் பெட்ஸ்வால் பெற்றது என்ன? லென்ஸைச் செய்து விற்ற வியன்னா வணிகர் ஃபோக்ட்லெண்டர் அவருக்கு ஒரே முறையாக 2,000 கில்டர் அளித்தார். விற்பனை ஆயிரக்கணக்கில் பெருகியது. ஆஸ்திரியாவுக்கு வெளியே உரிமைக் காப்பு இன்மையால் பிற நாட்டாரும் அதைப் பின்பற்றிச் செய்தனர். பித்தளைக் குழலில் பொறிக்கப்பட்டதோ செய்தவர் பெயர், கணித்தவர் பெயரன்று. இருவருக்குமிடையே பூசல் மூண்டது, நட்பு முறிந்தது. 1857-இல் டீட்ஸ்லர் என்பாருடன் சேர்ந்து புதிய லென்ஸுகளைச் செய்விக்க முயன்றும், அத்தொழில் நிலைக்கவில்லை.

அதனினும் கொடிய இடி 1859-இல் விழுந்தது. அவரது இல்லத்தில் திருடர் புகுந்தனர். ஒளியியலைப் பற்றி நெடுங்காலம் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் படிகள் அழிந்துபட்டன. அப்பெருநூல் வெளிவரவேயில்லை. மனமுடைந்த பெட்ஸ்வால் ஒளியியலை விட்டு ஒலியியலை நாடினார். வாட்போரில் வல்லவர், கரிய அரபுக் குதிரை மீதேறி நகருக்கு வந்து பாடம் நடத்தியவர், அத்தகையவர் இறுதி நாட்களில் எவரோடும் பழகாது தனித்து வாழ்ந்தார். 1891-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் வியன்னாவில் மறைந்தார்.

ஆயினும் அவர் கணக்கு மறையவில்லை. பிற்காலத்தில் திரைப்படங்களை வெண்திரையில் வீழ்த்திய எறிகருவிகளின் லென்ஸுகள் பலவும் அவர் வகுத்த அமைப்பையே தழுவின. நிலவின் மறுபுறத்துப் பள்ளம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. பழைய பித்தளை லென்ஸைத் தேடிப் பெற்றுப் பெரிய காமிராவில் பொருத்திப் படமெடுக்கும் ஆர்வலர் இன்றும் உளர்.

பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, முன்னோரின் முகத்தை நம் மக்களுக்குக் காட்டுவன பழைய படங்களே. முகம் தெளிவாயிருந்தும் பெயர் மறந்துபோன படங்கள் நம் பெட்டிகளில் எத்தனை! பெட்ஸ்வாலின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே: பெயரை எழுதி வையாவிடின் மறதி அதனை விழுங்கிவிடும். ஆகவே, சங்கத்துக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் தம் இல்லத்துப் பழம் படங்களை எடுத்து, அவற்றிலுள்ளோர் பெயரையும் ஊரையும் உறவையும், பெரியவர்கள் நம்முடன் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வைக்குமாறு அன்புடன் வேண்டிக்கொள்கிறோம்.