நாய்க்குப் பயந்த ஞானி



பரீட்சை பேப்பர் கொடுக்கிற நாளில், டீச்சர் கட்டோடு உள்ளே வரும்போதே நமக்கு வயிற்றைக் கலக்கும், இல்லையா? கலங்காமல் வாழ முடியுமா என்று ஆயுள் முழுக்க முயற்சி செய்து பார்த்த ஒருத்தர் இருந்தார். அவர் பெயர் பிர்ரோ.

கிரேக்க நாட்டில், ஒலிம்பிக் போட்டிகளை நடத்திய எலிஸ் என்ற ஊரில் கி.மு. 360 வாக்கில் பிறந்தார். முதலில் ஓவியம் வரைந்து ஏழையாகப் பிழைத்தார். பிறகு அனக்சார்கஸ் என்பவரிடம் தத்துவம் படித்தார். குரு, மாமன்னர் அலெக்சாண்டரின் படையோடு கிளம்ப, சீடரும் கூடவே போனார். கி.மு. 326-ல் அந்தப் படை சிந்து நதியைத் தாண்டியது. ஆமாம், பிர்ரோ அன்றைய இந்தியாவுக்கே வந்துவிட்டார்!

தட்சசீலத்தில் (இன்று பாகிஸ்தானில் இருக்கிறது) ஆடைகூட இல்லாமல் வாழ்ந்த துறவிகளைக் கிரேக்கர்கள் பார்த்தார்கள். வெயிலையும் வலியையும் அவர்கள் சட்டை செய்யவில்லை. அரண்மனையில் காத்துக் கிடக்கிறவர் பிறருக்கு நல்லதைச் சொல்லித்தர முடியாது என்று ஓர் இந்தியர் அனக்சார்கஸைக் கடிந்துகொண்டாராம். அது குருவுக்கு உறைத்ததோ இல்லையோ, சீடருக்கு நன்றாக உறைத்தது.

ஊர் திரும்பிய பிர்ரோ, மருத்துவச்சியான தன் சகோதரி ஃபிலிஸ்டாவோடு எளிமையாக வாழ்ந்தார். வீட்டைச் சுத்தம் செய்தார். கோழியும் பன்றிக்குட்டியும் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். தத்துவப் புத்தகம் எதுவும் எழுதி வைக்கவில்லை. இது நல்லது, இது கெட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாமல் இருந்தால் மனசு தானாக அடங்கும் என்பதே அவர் போதனை. அந்த அமைதிக்குக் கிரேக்க மொழியில் அதராக்சியா என்று பெயர்.

ஒருமுறை கடலில் புயல். கப்பலில் எல்லாரும் நடுங்க, ஒரு பன்றிக்குட்டி மட்டும் தின்றுகொண்டே இருந்ததாம். ஞானியும் அப்படிப் பதறாமல் இருக்கணும் என்று அதைக் காட்டினாராம் பிர்ரோ. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் நம்ம ஈக்காட்டுத்தாங்கலுக்குள் வந்த கதையை வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அன்றைக்குத் தின்றுகொண்டே இருந்தால் ஆகுமா? அமைதி வேறு, சும்மா இருப்பது வேறு. பதறாதவருக்குத்தான் எதை முதலில் மாடிக்குத் தூக்கணும் என்று தோன்றும்.

ஆனால், பிர்ரோவுக்கே ஒருநாள் அது முடியாமல் போனது. ஒரு நாய் பாய்ந்து வந்ததும் பயந்துபோய் மரத்தில் ஏறிவிட்டாராம்! பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை, சாக்கும் சொல்லவில்லை. மனுஷ சுபாவத்தை முழுசாகக் கழற்றிப் போடுவது கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

எலிஸ் மக்கள் அவரைத் தலைமைப் பூசாரியாக்கினார்கள். அவருக்காகவே அந்த ஊர்த் தத்துவவாதிகளுக்கு வரி தள்ளுபடி ஆனதாம்! கி.மு. 270 வாக்கில், ஏறக்குறைய 90 வயதில் மறைந்தார்.

நண்பர்களே, அடுத்த தடவை பேப்பர் கட்டு வரும்போது, மார்க் தெரியறதுக்கு முன்னாடியே ஃபெயில்தான்னு முடிவு கட்டாதீங்க. அப்பவும் வயிறு கலங்கினால் வெட்கப்படவும் வேண்டாம். மரத்தில் ஏறினவரைத்தான் உலகம் இன்னும் ஞானி என்கிறது!

— பதினோராம் வகுப்பு மாணவர்