கொலை மறுத்த வள்ளல்

சிதம்பரத்தை அடுத்த மருதூர் என்னும் சிற்றூரிலே ஊர்க்கணக்கு எழுதியும் சிறுவர்க்கு எழுத்தறிவித்தும் வாழ்ந்தவர் இராமையா பிள்ளை. அவர்தம் மனைவியார் சின்னம்மையார். இவ்விருவர்க்கும் ஐந்தாம் மகவாக 1823ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 5ஆம் நாள் பிறந்தவரே, பின்னாளில் வள்ளலார் என்று தமிழுலகம் போற்றிய இராமலிங்க அடிகளார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையார் மறைந்தார். அன்னையார் மக்களுடன் பொன்னேரிப் பக்கம் சென்று தங்கிப் பின்னர்ச் சென்னையில் ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறினார். மூத்த மகனாராகிய சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து அவ்வருவாயால் குடும்பத்தைத் தாங்கினார். தம்பியையும் முறையாகக் கற்பிக்க விரும்பிக் காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். தம்பியோ பள்ளியைவிடக் கந்தகோட்டத்து முருகன் திருமுன்பையே மிகுதியும் நாடினார். மாணவர்களே, இதனை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டா. இராமலிங்கர் பள்ளியில் அமர்ந்திலரேயன்றிக் கல்லாதிருந்தாரல்லர். பழைய நூல்களைப் பிழையறப் பதிப்பிக்கும் அளவிற்குப் புலமை முதிர்ந்து, தம் இருபத்தெட்டாம் வயதளவில், 1851ஆம் ஆண்டிலேயே ஒழிவிலொடுக்கம் என்னும் நூலை அச்சிட்டு வெளியிட்டார்.

1854ஆம் ஆண்டில் அவர் எழுதிய உரைநடை நூல் ஒன்று உண்டு. மனுமுறை கண்ட வாசகம் என்பது அதன் பெயர். திருவாரூரிலே அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். இக்கதையை நீங்கள் அறிவீர்கள். நூற்றுக்கணக்கான கதைகள் இருக்க, அடிகளார் தம் உரைநடைக்கு இதனைத் தேர்ந்தமை தற்செயல் அன்று என்பது என் கருத்து. கன்றின் உயிரும் கோமகன் உயிரும் ஒரே நிறையின என்பதை உலகியலார் கதையளவில் ஒப்புவர். கண்ணீர் மல்கக் கேட்டு இல்லஞ்சென்று வழக்கம்போல் உண்பர். அடிகளார்க்கு அவ்வாறு இயலவில்லை. நீரின்றிக் காயும் பயிரைக் கண்டும் வருந்திய நெஞ்சம் அவருடையது. ஊர்த் தெய்வங்களுக்குப் பலியிட ஆடும் கோழியும் கொண்டுபோதலைக் கண்டு தாம் நடுங்கியதைப் பாடலிலே அவரே கூறியிருக்கின்றார்.

புலால் மறுத்தல் தமிழர்க்குப் புதிய அறம் அன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தார். கொல்லாமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். உண்பார் உளராதலாலேயே கொல்வாரும் விற்பாரும் உளராகின்றனர் என்னும் உண்மையை, வாணிக நெறி அறிந்தார்க்கும் விளங்குமாறு எடுத்துக்காட்டினார். அடிகளார் சென்னையில் வாழ்ந்த காலத்திலே, 1847ஆம் ஆண்டில், இங்கிலாந்திலும் மரக்கறி உணவைப் பரப்பும் சங்கம் ஒன்று தோன்றியது. நம் தென்பாண்டி நாட்டிலோ, நாங்குநேரிக்குத் தெற்கே கன்னியாகுமரியை அடுத்த சாமித்தோப்பில், அடிகளாரின் காலத்தவராகிய வைகுண்ட சுவாமிகள் உயிர்ப்பலி இடலாகாது என்று தம்மைச் சார்ந்த எளிய மக்களுக்கு அறிவுறுத்தி, 1851ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வழியினர் அமைத்த நிழல் தாங்கல்கள் நாங்குநேரி வட்டாரத்தில் இன்றும் பல உள்ளன. ஆகவே காலமும் அக்கருத்திற்குக் கனிந்திருந்தது எனலாம்.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. புலால் உண்ணாத குடியிற் பிறந்தவன் புலால் உண்ணாதிருத்தல் எளிது. அதில் அவனுக்குப் பெருமை சிறிதே. சைவம் என்னும் சமயப் பெயரே நம் நாட்டில் மரக்கறி உணவிற்கும் பெயராகிவிட்டமையால், உணவைக் கொண்டு குலத்தை அளக்கும் தீய வழக்கமும் உடன் வளர்ந்தது. யான் வாழும் நாங்குநேரிப் பக்கத்தில் கொடைவிழா நாளிலே சுடலைமாடன் கோயிலின் முன் ஆடு வெட்டிப் பங்கிடும்போது, ஏழை உழவன் வீட்டிற்குக் கிடைக்கும் அந்தச் சிறு பங்கு, முன்னாளில் ஆண்டிற்கு ஒருமுறையோ இருமுறையோ வாய்க்கும் விருந்தாக இருந்தது. நாள்தோறும் நெய்யும் பருப்பும் உண்பவன் அவ்வேழையை நோக்கி, நீ கொலைப்பாவி என்று கூறுவானாயின், அச்சொல்லில் அறம் எவ்வளவு, செருக்கு எவ்வளவு என்று பிரித்தறிதல் அரிது. அடிகளார் இச்சிக்கலை எவ்வாறு அவிழ்த்தார் என்பதே அவர் வாழ்வில் நாம் ஊன்றிக் கற்கவேண்டிய பகுதி.

சென்னை வாழ்வை விடுத்துச் சிதம்பரம் சென்று வழிபட்ட அடிகளார், 1858ஆம் ஆண்டளவில் வடலூர்க்கு அருகிலுள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கே கழிந்தன. சிற்றூர் வாழ்க்கை பசியின் உண்மை உருவத்தை அவர்க்குக் காட்டிற்று. மழை பொய்த்தால் உழுதவன் வீட்டிலேயே அடுப்பு எரியாது. மானமுடையோர் பிறர் வாயிலில் நின்று இரக்கவும் நாணி உள்ளே சுருண்டு கிடப்பர். 1865ஆம் ஆண்டில் சன்மார்க்க சங்கத்தை நிறுவிய அடிகளார், கூட்டமும் சொற்பொழிவும் போதா என்று உணர்ந்தார். வடலூரைச் சார்ந்த பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் அளித்தனர். 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அங்கே சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அன்று அடுப்பில் தீ மூட்டப்பட்டது. வந்தவர்க்கெல்லாம் சோறு வழங்கப்பட்டது.

இப்பணிக்கு உரிய காரணங்களை அவர் சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் விரித்துரைத்தார். பசி ஓர் உயிரை எவ்வாறு அழிக்கின்றது என்பதை ஒரு மருத்துவர் நோயை ஆராய்வதுபோல் அதில் உறுப்பு உறுப்பாக ஆராய்கின்றார். அறிவு மயங்குதல், கண் குழிதல், காது இரைதல், நா உலர்தல், கைகால் தளர்தல் என்று அது நீளும். பசித்தவன் உண்டபின் அவன் முகத்தில் தோன்றும் தெளிவையும் அவ்வாறே விளக்குகின்றார். பசித்திருந்தாரை அருகிருந்து பாராதவர் அப்பகுதியை எழுதியிருக்க இயலாது.

அந்நூலிலே அவர் தடைகளை எழுப்பி விடையும் கூறுவார். பசித்த உயிர்க்கு உணவளிப்பதே இரக்கம் என்றால், ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிர்க்கு ஊட்டலாமோ என்பது ஒரு வினா. ஓருயிரின் துன்பத்தால் மற்றோருயிர்க்கு வரும் இன்பம் இரக்கத்தின் பயன் ஆகாது என்பது அவர் விடை. மரமும் செடியும் உயிருடையனவே, காயும் கனியும் கொள்ளுதல் கொலையாகாதோ என்பது மற்றொரு வினா. இன்றும் உங்களுள் ஒருவர் வகுப்பில் எழுந்து இதனையே கேட்பர். பயிர்கள் உயிருடையன என்பதை அடிகளார் மறுத்திலர். அவை தொடுபுலன் ஒன்றே உடையன. அவற்றிலிருந்து கொள்ளும் வித்தும் காயும் கனியும், நம் உடலில் நகமும் மயிரும் களைவதுபோல் உயிர்க்கு ஊறு விளையாமல் கொள்ளத்தக்கன. வித்து விதைக்கப்பெறும்வரை உயிர் ஏறாதது என்றெல்லாம் விளக்கினார். இன்றைய உயிர்நூலார் இவற்றுள் சிலவற்றை ஒப்பார். வித்தினுள் உயிர் உறங்கிக் கிடக்கின்றது என்பர். ஆயினும், கழுத்தறுபடும் ஆடு அஞ்சி அலறுவதற்கும் கதிர் அறுபடும் நெல்லிற்கும் இடையே உள்ள வேற்றுமை கண்ணுடையார்க்குத் தெரியும். விடையின் உயிர்நாடி அவ்வேற்றுமையே.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். புலால் உண்பவன் ஒருவன் பசியோடு வந்து தருமச்சாலை வாயிலில் நின்றால் என் செய்வது? நீ இனிக் கொல்லேன், உண்ணேன் என்று உறுதி கூறு, பின்னர்ச் சோறிடுவேன் என்று சொல்லலாம். சொல்லிய அறநிலையங்களும் உலகில் உண்டு. அடிகளார் அவ்வாறு சொல்லவில்லை. பசித்தவனுடைய நாடு, சமயம், சாதி, ஒழுக்கம் ஆகிய எவற்றையும் வினவாமல் முதலில் பசியை நீக்கவேண்டும் என்பதே அவர் விதித்த முறை. புலால் மறாதவர்களைப் புறத்தார் என்று அவர் பிரித்தது உண்மை. ஆன்மநெறிக்குரிய உறவு அவர்களோடு கூடாது என்றதும் உண்மை. ஆனால் பசிக்குச் சோறிடும் கடமை மட்டும் அப்புறத்தார்க்கும் உரியது என்றார். சாலையில் சமைப்பதோ மரக்கறி உணவே. ஆகவே அங்கு வந்தவன், எவ்வுரையும் கேளாமலே, புலால் இன்றியும் வயிறு நிறையும் என்பதைத் தன் இலையிலே கண்டுகொண்டான்.

நிபந்தனையை அவர் வேறோரிடத்தில் வைத்தார். 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வடலூரில் சத்திய ஞானசபையில் முதல் சோதி வழிபாடு நிகழ்ந்தது. எண்கோணமாக அமைந்த அச்சபையின் உள்ளே, கொலையும் புலாலும் விட்டவர்களே புகலாம் என்று அறிவிக்கப்பட்டது. சாதி பற்றிய தடை அங்கில்லை. பிறப்பால் உயர்ந்தோன் ஆயினும் புலால் உண்பவன் புறத்தே நிற்கவேண்டும். தாழ்ந்தவன் என்று ஊரார் ஒதுக்கியவன் ஆயினும் புலால் விட்டவன் உள்ளே செல்லலாம். உணவு நெறியைக் குலத்தினின்றும் பிரித்து ஒவ்வொருவர் துணிவிற்கும் உரியதாக்கினார் என்பதே இதன் பொருள். சபை வாயிலிலும் அன்பால் அறிவுறுத்தியே சேர்த்திருக்கலாம் என்பாரும் உண்டு. அக்கூற்றைத் தள்ளிவிடுவதற்கில்லை. ஆனால் சோற்றையும் நிபந்தனையையும் ஒரே வாயிலில் வைக்காத நுட்பத்தை அவர்களும் பாராட்டுவர்.

கட்டாயத்தால் இவ்வறம் வேரூன்றுவதில்லை என்பதற்குப் பிற்கால வரலாறும் சான்று. கோயில்களில் விலங்குகளையும் பறவைகளையும் பலியிடுதலைத் தடுக்கும் சட்டம் 1950ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது. நெடுநாள் ஏட்டளவில் இருந்த அதனை 2003ஆம் ஆண்டில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது சிற்றூர்களில் மனக்கசப்பு மிகுந்தது. மறு ஆண்டே சட்டம் நீக்கப்பட்டது.

புலாலை விட விரும்புவோன் எதனை உண்பான் என்பதும் கேட்கத்தக்க வினாவே. திருநெல்வேலிச் சீமையில் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத்துவையலும் உண்ணாத வீடு அரிது. அரிசியில் குறைந்த சத்தைப் பருப்பு நிறைக்கும், பருப்பில் குறைந்ததை அரிசி நிறைக்கும் என்று இக்கால உணவுநூலார் கூறுகின்றனர். நம் பாட்டிமார் கூற்றின்றியே அதனைச் செய்து வந்தனர். கொள்ளு, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியன புன்செய் நிலத்திலும் விளைவன. முருங்கைக் கீரை வேலியோரத்தில் விளைவது. ஆனால் வைட்டமின் பி12 என்னும் சத்துச் செடிகொடிகளிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை. பாலும் தயிரும் உண்பவர்க்கு அவற்றின் வழியாகக் கிடைக்கும். பாலையும் விடுவோர் மருத்துவரைக் கலந்து அச்சத்தைத் தனியே கொள்ளவேண்டும். பால் வாங்க வகையில்லாத வீட்டிற்குப் புலால் விடுமாறு அறிவுரை மட்டும் அனுப்புதல் அடிகளார் வழி அன்று. அவர் அடுப்பு மூட்டியபின்னரே நூல் கொடுத்தார். நம் பள்ளிச் சத்துணவுப் பந்தியில் முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வழங்கும் ஏற்பாட்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரே வரிசையில் இரண்டும் செல்கின்றன.

1870ஆம் ஆண்டு முதல் அடிகளார் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்னும் இல்லத்தில் வாழ்ந்தார். 1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அங்கே கொடியேற்றி அன்பர்களுக்கு நெடிய உரை ஒன்று ஆற்றினார். தாம் பிறந்து வளர்ந்த சைவம் உள்ளிட்ட சமயங்கள் எவற்றிலும் பற்று வைக்க வேண்டா என்று அவ்வுரையில் துணிந்து கூறினார். சைவத்தை விட்டபின்னரும் உயிர்க்கொலை மறுத்தலை அவர் விடவில்லை என்பதை நோக்குக. 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அறையினுள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். அதன்பின் அவரை ஒருவரும் கண்டிலர். ஒளியிற் கலந்தார் என்று அன்பர்கள் போற்றுவர்.

அவர் நினைவாகத் தைப்பூசத்தன்று தமிழ்நாட்டில் இறைச்சிக் கடைகள் அரசு ஆணைப்படி மூடப்படுகின்றன. அவர் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அரசு அறிவித்துள்ளது. வடலூர்த் தருமச்சாலையில் 1867இல் மூட்டிய தீயை அணையவிடாமல் காத்து, நாள்தோறும் உணவு சமைத்து வழங்கி வருகின்றனர். இங்கிருந்து செல்வோரும் அப்பந்தியில் அமர்ந்து உண்ணலாம். எவ்வூரார், எக்குலத்தார், வீட்டில் என்ன உண்பவர் என்று வினவுவார் அங்கில்லை.