நீரை ஆண்ட பெருமகன் விசுவேசுவரய்யா

குளத்தைக் கட்டுவது ஒரு வேலை. கட்டிய குளத்தை ஆளுவது வேறொரு வேலை. எவ்வளவு நீரைத் தேக்கலாம், எப்பொழுது திறந்துவிடலாம் என்று அறியாதவர் கையில் அணைக்கட்டே ஆபத்தாய் முடியும். அவ்வறிவைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட பெருமகனார் சேர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா அவர்கள்.

மைசூர் நாட்டிலே முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில், வடமொழி வல்ல அந்தணர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். பெங்களூரிலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துத் தம் கல்விச் செலவைத் தாமே தேடிக்கொண்டார். பின்னர்ப் பூனாவில் எந்திரவியல் பயின்று முதன்மையாகத் தேறி, 1884 இல் பம்பாய் அரசாங்கப் பொதுவேலைப் பகுதியிற் சேர்ந்தார்.

பூனாவுக்கு அண்மையிலுள்ள கடக்வாஸ்லா நீர்த்தேக்கம் மாரிதோறும் வான் பாய்ந்து, பெருந்தொகை நீர் வீணாய்க் கழிந்தது. வானை மதிலாக உயர்த்தினாலோ பெருவெள்ளத்தில் அணைக்கு ஆபத்து நேரும். இவ்விக்கட்டுக்கு அன்னார் கண்ட வழியே தானியங்கிக் கதவுகள். 1903 அளவில் வானின்மேற் பொருத்தப்பெற்ற அவை, ஏறக்குறைய 8 அடி நீரை மேலதிகமாகத் தேக்கின. குறித்த மட்டத்தை நீர் தாண்டியதும் தாமே திறந்தன. மட்டம் இறங்கியதும் தாமே மூடிக்கொண்டன.

1908 செப்டெம்பர் 28 ஆந் திகதி மூசி நதி பெருகி ஐதராபாத் நகரைப் பாழாக்கிற்று. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிசாமின் அரசாங்கம் இவரை அழைத்தது. மேற்பகுதியிலிருந்த 788 குளங்களில் 221 உடைத்துக்கொண்டமையை இவர் ஆராய்ந்து கண்டார். ஒரு குளம் உடைய, அதன் வெள்ளம் அடுத்த குளத்தையும் உடைத்தது. ஆகவே, வெள்ளத்தை நகருக்கு மேலேயே மறித்து, ஆறு தாங்கக்கூடிய அளவையே கீழே விடவேண்டுமெனத் திட்டம் வகுத்தார். அதன் வழியே உஸ்மான் சாகர் 1920 இலும், ஹிமாயத் சாகர் 1927 இலும் நிறைவெய்தின.

1909 இல் மைசூரின் பிரதம எந்திரியானார். 1912 முதல் 1918 வரை திவானாக விளங்கினார். காவிரியிலே கிருஷ்ணராஜசாகர அணை வேலை 1911 இல் இவர் முயற்சியால் தொடங்கியது. ஆனால் தஞ்சை வயல்களுக்கு நீர் குறையுமெனச் சென்னை அரசாங்கம் அஞ்சியது. முதலில் 80 அடி உயரத்துக்கே அனுமதி கிடைத்தது. இவர் பதவி நீங்கியபின், 1924 இல் ஏற்பட்ட ஒப்பந்தமே 124 அடி உயரத்தை ஏற்று, கீழே நீர் விடுவதற்கும் விதிகள் வகுத்தது. அதன் பின்னரும் வழக்கு ஓயவில்லை. 1990 இல் நடுவர் மன்றம் அமைக்கவேண்டி வந்தது. மேலே மூடும் ஒவ்வொரு கதவும் கீழேயுள்ள உழவனின் வயலைத் தொடுகிறது. அதற்கு எந்திரவியல் மட்டும் விடை கூறிவிட முடியாது, நீதியும் வேண்டும்.

1955 இல் பாரத ரத்தினப் பட்டம் பெற்ற அன்னார், நூறாண்டு வாழ்ந்து 1962 ஏப்ரலில் மறைந்தார். அவர் பிறந்த செப்டெம்பர் 15 ஆந் திகதியைப் பாரத நாடு எந்திரிகள் தினமாகக் கொண்டாடுகின்றது.

இளைஞர்களே! செல்வமோ, கல்வியோ, அதிகாரமோ நம்மிடம் சேரும்போது அதைத் தேக்குவதோடு நம் கடமை தீர்வதில்லை. கீழே காத்திருப்போரை நினைத்து, காலமறிந்து, அளவறிந்து திறந்துவிடவும் கற்றுக்கொள்வோமாக.