லாரன்சைக் கொன்ற சாலை

1935-ம் ஆண்டு மே 13-ந் தேதி. இங்கிலாந்தில் டார்செட் என்ற பகுதி.

தபால் ஆபீசில் தந்தி கொடுத்துவிட்டு, ஒருவர் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக் கொண்டு இருந்தார். வீடு இரண்டு மைல் தூரம்கூட இல்லை. பழகிய பாதை. தலையில் கவசம் இல்லை.

அவர்தான் லாரன்ஸ். அரேபியா லாரன்ஸ் என்று உலகம் எல்லாம் பெயர் பெற்றவர்.

பாலைவனத்தில்

லாரன்ஸ் 1888-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தார். முதல் உலகப் போர் மூண்டது. துருக்கி ஆட்சியை எதிர்த்து 1916-ல் அரபு மக்கள் கிளம்பினார்கள். அவர்களுக்கு உதவியாகப் பிரிட்டிஷ் பட்டாளத்தார் லாரன்சை அனுப்பினார்கள்.

அவர் அரபு உடை போட்டுக் கொண்டார். ஒட்டகத்தில் ஏறினார். துருக்கியரின் ரெயில் பாதைகளை வெடி வைத்துத் தகர்த்தார். 1917-ல் பாலைவனத்தைக் கடந்து போய், அரபு வீரர்களோடு அக்காபா துறைமுகத்தைப் பிடித்தார். காயங்கள் பட்டன. ஆனாலும் உயிரோடு திரும்பினார்.

புகழ் அவருக்குப் பிடிக்கவில்லை. 1922-ல் பெயரை மாற்றிக் கொண்டு, விமானப் படையில் சாதாரண ஆளாகச் சேர்ந்தார். (விசித்திரமான மனிதர்தான்!) அன்று இந்தியாவோடு இருந்த கராச்சியிலும் சில காலம் வேலை பார்த்தார். 1935-ல் வேலையை விட்டு, சிறு குடிசை வீட்டில் குடியேறினார்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. அது மோட்டார் சைக்கிள்! ஒன்றன் பின் ஒன்றாக ஏழு வண்டிகள் வைத்து இருந்தார். அவற்றில் சில மணிக்கு 100 மைல் ஓடக் கூடியவை.

இரண்டு பையன்கள்

அன்று சாலையில் ஒரு பள்ளம். அதற்கு அப்பால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அங்கே இரண்டு பையன்கள் சைக்கிளில் போய்க் கொண்டு இருந்தார்கள். அருகே வந்த பிறகுதான் லாரன்ஸ் பார்த்தார். அவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலை அடிபட்டது.

பையன்கள் பிழைத்தார்கள். லாரன்சுக்கு நினைவு திரும்பவே இல்லை. ஆறு நாள் அப்படியே கிடந்தார். மே 19-ந் தேதி இறந்தார். வயது 46.

மண்டை ஓடு கெட்டியானது. உள்ளே இருக்கும் மூளையோ மிருதுவானது. பலமாக அடிபட்டால், மூளை உள்ளேயே குலுங்கி மோதும். ரத்தம் கசியும், வீங்கும். கை வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மண்டை ஓடு இடம் கொடுக்காது. மூளை நசுங்கும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராமலும் இது நடக்கலாம். அடிபட்டவர் எழுந்து பேசுவார். சில மணி நேரம் கழித்துச் சுருண்டு விழுவார். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது.

டாக்டரின் கணக்கு

லாரன்சைப் பார்க்க வந்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். மூளை ஆபரேஷனில் கெட்டிக்காரர். அவராலும் காப்பாற்ற முடியவில்லை.

அந்தச் சாவை அவர் மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. இரவில் விளக்குகளை மறைத்தார்கள். சாலை விபத்துகள் பெருகின. கேர்ன்ஸ் கணக்கு எடுத்தார். போரின் முதல் 21 மாதத்தில், பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்று இறந்தவர்கள் 2,279 பேர். பின்னால் உட்கார்ந்து சென்றவர்களும் இதில் சேர்த்தி. தலைக் காயமே பெரிய எமனாக இருந்தது.

தலைக்கவசம் போட்டு இருந்தும் தலையில் அடிபட்டவர்கள், அவர் பார்த்த வரையில் ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்தார்கள்!

1941-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில், கடிதம் கொண்டு செல்லும் பட்டாளத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் தலைக்கவசம் போட்டே தீர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஊர் மக்களுக்கு அந்தச் சட்டம் வர இன்னும் 32 ஆண்டு ஆயிற்று. பிரிட்டனில் 1973-ல்தான் வந்தது. கேர்ன்ஸ் அதைப் பார்க்கவில்லை. அவர் 1952-லேயே இறந்து போனார்.