விடாமுயற்சியின் வடிவம் சாரா ஸ்டூவர்ட்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே நம் உள்ளம் நடுங்குகிறது. அந்நோய்களுள் சிலவற்றை வைரஸ் கிருமிகள் உண்டாக்குகின்றன என்று இன்று நாம் படிக்கிறோம். ஆனால் அறிஞர் உலகம் இதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்கச் செய்தவர்களுள் ஒருவரான பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம்.

சாரா ஸ்டூவர்ட் 1905-ஆம் ஆண்டு மெக்சிகோ நாட்டில் பிறந்தார். தந்தையார் அமெரிக்கர், தாயார் மெக்சிகோ நாட்டவர். அங்கே புரட்சி மூண்டதால் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. சாரா 1939-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அரசு ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது, புற்றுநோய்க்கும் வைரசுக்கும் உள்ள தொடர்பை ஆராய விரும்பினார். வாய்ப்புக் கிட்டவில்லை. மனம் தளராத சாரா, இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தார். 1947-இல் அதன் மருத்துவக் கல்லூரி மகளிருக்குக் கதவு திறந்தது. கற்பித்தவரே மாணவியானார்! 1949-இல், 43 வயதில், அங்கே மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி என்ற பெருமையைப் பெற்றார்.

பின்னர் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஆய்வைத் தொடங்கினார். நோயுற்ற எலியின் திசுவை அரைத்து, உயிரணுக்கள் நீங்குமாறு வடிகட்டி, பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தினார். இரத்தப் புற்றுநோயை எதிர்பார்த்தார். உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டிகள் தோன்றின! வடிநீரில் உயிரணு இல்லாததால், வைரஸே காரணம் என்று கருதினார். பலர் ஐயுற்றனர். அப்போது பெர்னிஸ் எடி என்ற பெண் விஞ்ஞானி துணைநின்றார். இருவரும் அந்த வைரசை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து மீண்டும் எலிகளுக்குச் செலுத்தினர். சுமார் 20 வகைக் கட்டிகள் உண்டாயின. ஆகவே அதற்குப் பல கட்டிகள் எனப் பொருள்படும் பாலியோமா என்ற பெயர் அமைந்தது. ஐயங்கள் விலகின.

1960-களில் சாரா, ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையைத் தாக்கும் பர்கிட் கட்டியை ஆராய்ந்தார். அக்கட்டியின் உயிரணுக்களில் ஹெர்பிஸ் இன வைரஸ் ஒன்று இருப்பதை லண்டன் அறிஞர்கள் 1964-இல் வெளியிட்டிருந்தனர். அந்த வைரஸ் குரங்கினத்தில் புற்றுநோயை உண்டாக்குவது 1973-இல் நிரூபணமாயிற்று. எலிக்குஞ்சுகளைக் கொண்டு சாரா காட்டிய பாதை நேரானது என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

1965-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் அவருக்கு விருது வழங்கிச் சிறப்பித்தார். எந்நோயை எதிர்த்து உழைத்தாரோ அந்நோயே, நுரையீரலில் தோன்றி, 1976-இல் அவரை நம்மிடமிருந்து பிரித்தது.

இன்று கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசுக்குத் தடுப்பூசி உள்ளது. அது வேறொரு வைரஸ், கண்டறிந்தவர்களும் வேறு. எனினும் வைரசால் புற்றுநோய் வரும் என்ற நம்பிக்கையைக் காத்து வளர்த்தவர்களுள் சாராவும் ஒருவர். கதவு மூடியிருந்தால் திரும்பிப் போகாமல், திறக்கும்வரை உழைத்துக் காத்திருக்க அவரிடம் கற்றுக்கொள்வோமாக!