சிறைப் பிள்ளைகளின் தகப்பன்



அர்ச். ஜான் போஸ்கோவைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாதுகாவலராக அறிவீர்கள். ஆனால் அவருடைய உள்ளத்தைக் குத்தி எழுப்பியது சிறைச்சாலை.

இத்தாலியில் பெக்கி என்ற சிற்றூரில் 1815-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பனை இழந்தார். தாயார் மார்கரீத்தம்மாள் வயலில் பாடுபட்டு வளர்த்தார். 1841-ல் குருப்பட்டம் பெற்றதும், தூரின் நகரில் கபாசோ சுவாமியார் அவரைச் சிறைகளுக்கு அழைத்துப் போனார்.

அங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பையன்கள், பேன் பிடித்து, பசியோடு, செய்ய வேலையின்றிக் கிடந்தார்கள். திருந்துவதாகச் சொல்லி வெளியே போனவர்கள் சில நாளில் திரும்பி வந்தார்கள். ஏன்? வெளியே அவர்களுக்காகக் காத்திருப்பவர் ஒருவருமில்லை. இதைக் கண்டுபிடித்ததே அவருடைய பெரிய காரியம் என்பேன்.

ஆகவே ஞாயிறுதோறும் பையன்களைக் கூட்டினார். வாரநாளில் அவர்கள் வேலை செய்யும் பட்டறைகளுக்கே போய் விசாரித்தார். 1852-ல் ஒரு பையனைத் தச்சு வேலைக்குச் சேர்த்தபோது எழுதிய ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. எஜமான் வாயால் கண்டிக்கலாம், கை நீட்டக் கூடாது. பண்டிகை நாளில் விடுமுறை. அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு பெரிய காரியம்!

1855-ல் நடந்ததாகச் சலேசிய சபையார் வழிவழியாகச் சொல்லுவதைக் கேளுங்கள். ஜெனராலா என்ற சிறுவர் சிறையிலிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட பையன்களை ஒரு நாள் உலாவ அழைத்துப் போக அனுமதி கேட்டார். காவலர் ஒருவரும் கூட வரலாகாது என்பது அவர் நிபந்தனை. மந்திரி ரத்தாசி தயங்கிச் சம்மதித்தார். ஸ்டுபினிஜி வரை நடந்தார்கள். சுவாமியார் களைத்துப் போகவே, கழுதையின் மேலிருந்த உணவு மூட்டைகளைப் பையன்கள் தாங்களே சுமந்து, அவரை அதன்மேல் ஏற்றினார்கள். மாலையில் எண்ணிப் பார்த்தால் ஒருவனும் குறையவில்லை.

அவர் 1888-ல் மரித்தார். 1906-ல் அவருடைய சபையார் தஞ்சாவூருக்கு வந்தார்கள்.

நம் தாம்பரத்திலிருந்து ரயிலேறினால் செங்கல்பட்டு. அங்குள்ள அரசினர் சிறுவர் இல்லத்தில் 2022 கடைசியில் ஒரு பையன் அடிபட்டு இறந்தான். பிறகு இத்தகைய இல்லங்களைச் சீர்திருத்த யோசனை கூற, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது.

பிள்ளைகளுக்கென்று 1920-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. இப்போதுள்ள 2015-ம் ஆண்டுச் சட்டப்படி, இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருக்கிறார்கள். அவ்விருவரில் ஒருவராவது பெண். தவறிய பிள்ளையைப் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம். ஊருக்குப் பயன்படும் வேலை செய்யச் சொல்லலாம். எல்லாரையும் அடைத்து வைக்கவேண்டியதில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தவன் எங்கே போவான்? குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ மெக்கானிக் கடை வைத்திருக்கும் நம்மவர் அவனை வேலைக்கு எடுப்பாரா? தெருவில் உங்கள் மகன் அவனோடு பந்து விளையாடினால் உள்ளே கூப்பிட்டுக் கொள்வீர்களா? குழுமம் இதற்கு உத்தரவு போட முடியாது. சட்டமோ, மிகக் கொடிய குற்றங்கள் சில நீங்கலாக, அவனுடைய பழைய பதிவேடு குறித்த காலத்துக்குப் பின் அழிக்கப்படவேண்டும் என்கிறது.